பந்தயக்கார எண்ணெய் நம் மோட்டாருக்கு எதற்கு?



கிள்ளான் பக்கத்துத் தம்பிமார் சிலருக்கு இப்போது ஒரு மோகம் பிடித்திருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்குப் 'பந்தய பிரேக் எண்ணெய்' ஊற்றினால் வண்டி நினைத்த இடத்தில் நிற்கும் என்று நம்பி, சாதாரண எண்ணெயைவிடப் பல மடங்கு விலை கொடுத்துச் சின்னப் போத்தலை வாங்கி வருகிறார்கள். காசு கொடுப்பது பெரும்பாலும் அப்பாவும் அம்மாவும்தான். ஆகவே இந்த இதழில் அதைப் பற்றியே பேசிவிடலாம்.

முதலில் ஒன்று. நாம் எண்ணெய் என்று சொன்னாலும் அது எண்ணெய் இல்லை. பெரும்பாலான வண்டிகளில் இருப்பது கிளைக்கால் வகையைச் சேர்ந்த ஒரு ரசாயனத் திரவம். நீங்கள் பெடலை மிதிக்கும்போது அந்த அழுத்தத்தைக் குழாய் வழியே சக்கரத்துக்குக் கொண்டு போவது இதுதான். திரவத்தை எவ்வளவு அழுத்தினாலும் சுருங்காது. அதனால்தான் காலின் பலம் அப்படியே பிரேக்குக்குப் போய்ச் சேருகிறது. காற்று அப்படியில்லை. தோட்டத்தில் மருந்து அடிக்கும் பம்பைத் தூக்கியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே காற்று புகுந்துவிட்டால் பிடி இலேசாகிவிடும்; மருந்தும் சரியாக வராது. பிரேக்கிலும் அதே கதைதான், ஆனால் அங்கே போவது உயிர்.

காற்று எங்கிருந்து வருகிறது? பிரேக் பிடிக்கப் பிடிக்கச் சூடு ஏறுகிறது. அந்தச் சூடு திரவத்துக்குப் போய் அது கொதித்துவிட்டால் ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. பெடல் தரைவரைக்கும் இறங்கிவிடும், வண்டி நிற்காது.

பந்தயக்காரர்களுக்கு இந்தப் பயம் மிக அதிகம். நம் பகுதிக்குப் பந்தயம் புதிதல்ல. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவே பத்து தீகாவில் 1968-இல் திறந்த பந்தயத் திடல் இருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது அது இல்லை. 1999-இல் சிப்பாங் திடல் வந்தது. அங்கே அந்த ஆண்டு முதல் 2017 வரை பார்முலா 1 கார்ப் பந்தயம் நடந்தது. கோயம்புத்தூர்க் குடும்பத்துப் பிள்ளை நரேன் கார்த்திகேயன் 2005 மார்ச்சில் அங்கே ஓட்டிப் பதினொன்றாவதாக வந்தார். பார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் அவர். சிப்பாங்கில் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், பந்தயத்துக்கு 56 சுற்று. நீண்ட நேர்ப் பாதையில் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து, வளைவுக்கு முன்னால் சில விநாடிகளில் 100-க்கும் கீழே இறக்க வேண்டும். கார்பன் தட்டுகள் தணல்போலச் சிவந்து ஆயிரம் டிகிரியைத் தொடும். அந்த வெக்கையைத் தாங்கத்தான், 300 டிகிரிக்கு மேல் கொதிக்கும் திரவங்களைச் செய்கிறார்கள்.

சரி, நம் தம்பி கிள்ளான் சந்தைக்குப் போய்வரும் வண்டியில் அந்த வெக்கை எங்கே வரப்போகிறது? வண்டியை நிறுத்துவது டயரும் பிரேக் பேடும் டிஸ்க்கும்தான். நல்ல நிலையில் உள்ள திரவத்தை எடுத்துவிட்டு விலை உயர்ந்ததை ஊற்றினால் ஓர் அடிகூட முன்னதாக நிற்காது.

ஆனால் 'நல்ல நிலையில்' என்றேனே, அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். நம் நாட்டு ஈரக்காற்றைப் பற்றிச் சொல்லவா வேண்டும், அலமாரியில் வைத்த சட்டையே பூஞ்சை பிடிக்கிறது! டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. நூற்றில் நாலு பங்குகூட நீர் சேரவில்லை, அதற்குள் அந்த அளவு 140-க்கு இறங்கலாம். டாட் 4 என்றால் 230-லிருந்து 155. பந்தயத் திரவமும் ஈரம் குடிப்பதுதான். அதனால்தான் பந்தயக்காரர்கள் அதை அடிக்கடி வடித்துப் புதிதாக ஊற்றுகிறார்கள். நம் தம்பியோ ஒருமுறை ஊற்றிவிட்டு நாலு வருடம் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்புறம் அது என்ன பந்தய எண்ணெய்?

பள்ளி விடுமுறையில் ஒரு வேனில் பத்துப் பேர் கெந்திங் மலைக்கோ கேமரன் மலைக்கோ போகிறீர்கள். ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது ஓட்டுநர் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வருகிறார். சூடு ஏறுகிறது, பழைய ஈரத் திரவம் கொதிக்கிறது. இதில் கொடுமை என்னவென்றால், வண்டியை ஓரம் கட்டி ஆறவிட்டால் குமிழி அடங்கிப் பெடல் மறுபடி கெட்டியாகிவிடும். பட்டறைக்காரரிடம் காட்டினால் "ஒன்றுமில்லையே அண்ணே" என்பார். அதை நம்பி அடுத்த வருடமும் அதே திரவத்தோடு மலையேறாதீர்கள். இறக்கத்தில் 'கியர் ரெண்டா' என்று பலகை வைத்திருப்பது சும்மா இல்லை. சின்ன கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும்.

ஆகவே பட்டறையில் கேட்க வேண்டியது விலை உயர்ந்த போத்தலை அல்ல. வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த டாட் என்று போட்டிருக்கிறதோ அதையே, பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பழையதை முழுக்க வடித்துவிட்டு மாற்றச் சொல்லுங்கள். மட்டம் குறைந்ததற்குக் கொஞ்சம் ஊற்றி நிரப்புவது மாற்றுவதாகாது. மட்டம் குறைகிறதென்றால் பேட் தேய்ந்திருக்கும், அல்லது எங்கோ கசிகிறது. அதைப் பார்க்கச் சொல்லுங்கள். புதுத் தகரத்தை உங்கள் கண் முன்னால் திறக்கட்டும். எப்போதோ திறந்து வைத்த தகரம் ஏற்கெனவே ஈரம் குடித்தது. டாட் 5 என்று மட்டும் போட்டிருந்தால் அது சிலிக்கான் வகை, மற்றதோடு கலக்கவே கூடாது, 5.1 என்பது வேறு. அவசரத்துக்கு இன்ஜின் எண்ணெயை ஊற்றினீர்களோ, உள்ளே இருக்கும் ரப்பரெல்லாம் உப்பிக் கெட்டுவிடும். கம்பி இழுக்கும் பழைய டிரம் பிரேக் மோட்டாருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

மீதியாவதை வீட்டுக்குக் கொண்டுவந்து கலர்த் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தாய்மார்களே, அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அது நஞ்சு. குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டதாகத் தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அந்தத் தகரத்தையும் கையோடு கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.