எரிகிற வீட்டில் பிடுங்குவோர்

எரிகிற வீட்டில் பிடுங்கியது இலாபம் என்பது பழமொழி. ஊரே துயரத்தில் நிற்கும்போது அதையே வாய்ப்பாகக் கொள்வோரைச் சுட்டும் சொல் அது. இன்று அந்தப் பிடுங்கல் மின்னஞ்சல் வழியாகவும் கைப்பேசி வழியாகவும் நடக்கிறது. நோயாளிகளின் குடும்பங்கள் இதற்கு ஏன் எளிதில் இலக்காகின்றன, இதைத் தடுக்கும் பொறுப்பு யார் யாருக்கு உண்டு என்பதை இவ்விதழில் சிந்திக்க விரும்புகிறோம்.

இவ்வகை மோசடி புதிதன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையைச் சூறையாடியது. சில நாள்களிலேயே, நிவாரண நிதி என்ற பெயரில் உலகெங்கும் போலி மின்னஞ்சல்கள் புறப்பட்டன. 2005 ஜனவரியில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அவை குறித்து எச்சரிக்க வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில் இது பெருகியது. 2020 மார்ச் 28 அன்று பி.எம். கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்டது. உடனே, அதன் யு.பி.ஐ. முகவரியில் கடைசி 'ஸ்' என்னும் ஓர் எழுத்தை மட்டும் விட்டுவிட்டு ஒரு போலி முகவரி முளைத்தது. கொரோனாவைப் பற்றிய குப்பை அஞ்சல்களாக மட்டும் நாளொன்றுக்கு 24 கோடிக்கும் மேற்பட்டவற்றைக் கண்டதாகக் கூகுள் நிறுவனம் அவ்வாண்டு ஏப்ரலில் தெரிவித்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று 2020 ஜூன் மாதத்தினது. சென்னை, தில்லி, மும்பை, ஐதராபாத், அகமதாபாத் நகரவாசிகளுக்கு இலவசக் கொரோனா பரிசோதனை என்ற தலைப்போடு போலி அஞ்சல்கள் வரக்கூடும் என்று இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் எச்சரித்தது. அரசு முகவரியைப் போலவே தோன்றும் அனுப்புநர் முகவரி பயன்படுத்தப்படலாம் என்றும் அது குறிப்பிட்டது. மருத்துவத்தின் பெயரும் அரசின் பெயரும் ஒரே அஞ்சலில் சேர்ந்து வந்தால் அஞ்சியிருக்கும் குடும்பம் எப்படி ஐயுறும்? 2022இல் மின் கட்டணம் செலுத்தவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும் என்று தமிழகமெங்கும் வந்த குறுஞ்செய்திகளும் இதே வகையின. அவற்றை நம்ப வேண்டாம் என மின்வாரியமே அறிவிக்க நேர்ந்தது.

இவை அனைத்திலும் ஒரே முறையைக் காண்கிறோம். மோசடிக்காரன் நம்பிக்கையை உண்டாக்குவதில்லை. பிறர் பல்லாண்டு உழைத்து ஈட்டிய நம்பிக்கையைக் களவாடுகிறான். வங்கியின் சின்னம், அரசின் முத்திரை, மருத்துவமனையின் பெயர் ஆகியவை அவனுக்கு முகமூடி. அன்றைய செய்தி அவனுக்கு அவசரத்தைத் தருகிறது. தெரிந்த பெயரும் அவசரமும் சேரும்போது ஆராயும் பொறுமை நம்மிடம் குறைந்துவிடுகிறது.

நோயாளியின் உடனிருப்போர் நிலையோ இன்னும் கடினம். பெரம்பலூரிலும் அரியலூரிலும் பல வீடுகளில் பெற்றோர் ஊரிலும் பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ இருக்கிறார்கள். பரிசோதனை அறிக்கை, காப்பீட்டுத் தாள், கட்டண விவரம் எல்லாம் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் பயணம் செய்கின்றன. உறக்கமற்ற இரவில், அறுவை சிகிச்சைக்கு முன்பணம் செலுத்துக என்று ஒரு செய்தி வந்தால், அது எதிர்பார்த்த செய்தியாகவே தோன்றும். அதனால்தான், ஏமாந்தவரைப் பார்த்து 'படித்தவர்தானே, இதுகூடத் தெரியாதா?' என்று கேட்பதை நாங்கள் ஏற்பதில்லை. அவர் ஏமாந்தது அறியாமையால் அன்று, கவலையால். அந்தக் கேள்விக்கு அஞ்சியே பலர் இழப்பை மறைக்கிறார்கள். மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரனுக்கே உதவுகிறது.

ஆயினும் நாம் காக்கக்கூடிய சில எல்லைகள் உண்டு. அஞ்சலில் அனுப்புநராகக் காட்டப்படும் பெயர், கடித உறையின் பின்புறம் எழுதும் பெயரைப் போன்றது. அங்கே எவரும் எப்பெயரையும் எழுதலாம். ஆகவே பெயரை மட்டும் நம்பலாகாது. நம் பெயர்களில் தலைப்பெழுத்து முன்னே வந்து ஆளின் பெயர் கடைசியில் நிற்பது போலவே, இணைய முகவரியிலும் உரிமையாளரைக் காட்டும் பகுதி, பெயரை அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னே, கடைசியில் இருக்கும். தொடக்கத்தில் தெரிந்த வங்கியின் பெயர் இருப்பது சான்றாகாது. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி. அறிக்கை என்று சொல்லி 'ஏ.பி.கே.' என முடியும் கோப்பு வந்தால் அதைத் திறக்கலாகாது. அது அறிக்கை அன்று, கைப்பேசியில் நிறுவப்படும் செயலி.

அரசுத் திட்டங்களிலும் இதே விழிப்பு வேண்டும். 70 வயது நிறைந்த அனைவருக்கும் ஆயுஷ்மான் காப்பீடு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்டது. இத்தகைய அறிவிப்பு வெளியாகும் வேளையே போலிச் செய்திக்கும் உகந்த வேளை. அட்டை பெற்றுத் தருகிறோம், கட்டணம் அனுப்புங்கள் என்று எவர் கேட்டாலும், 14555 என்ற எண்ணில் விசாரியுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற்கு 1800 425 3993 என்ற இலவச எண் உண்டு. எண்ணைச் செய்தியிலிருந்து எடுக்காமல், அட்டையிலிருந்தோ மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலிருந்தோ எடுப்பதே முறை.

எல்லாப் பாரத்தையும் நோயாளியின் தலையில் ஏற்றுவது நீதியன்று. மருத்துவமனைகளும் வங்கிகளும் நாள்தோறும் இணைப்புகளை அனுப்பி, 'இதை அழுத்துங்கள்' என்று மக்களைப் பழக்கிவிட்டன. அந்தப் பழக்கத்தின் மீதுதான் மோசடி வேரூன்றுகிறது. எந்த மருத்துவமனையாயினும், பணம் எந்த வழியில் மட்டும் பெறப்படும் என்பதைச் சேர்க்கையின் முதல் நாளிலேயே எழுதிக் கையில் தர வேண்டும். ஐயம் வந்தால் அழைக்க ஒரே எண்ணைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். அந்த எண்ணில் நள்ளிரவிலும் ஒருவர் பதில் சொல்ல வேண்டும். இது செலவு மிகுந்த ஏற்பாடன்று. நோய்த்தொற்றுத் தடுப்பைப் போல இதையும் நோயாளியின் பாதுகாப்பாகவே கருத வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

பணம் போய்விட்டால், முதல் வேலையாக 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுவதற்குள் தகவல் சென்றால் அதை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. அடுத்து வங்கிக்குச் சொல்லுங்கள். மாவட்டச் சைபர் குற்றப்பிரிவுக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். வந்த செய்தியை அழித்துவிடாதீர்கள், அதுவே சான்று. சிகிச்சைப் பணம் பறிபோனதென்று சொல்லக் கூசி நின்றுவிடாமல், வார்டில் இருக்கும் செவிலியரிடமோ மருத்துவச் சமூகப் பணியாளரிடமோ அன்றே சொல்லுங்கள். சிகிச்சை தடைப்படாமல் அடுத்து என்ன செய்யலாம் என்பதை அவர்களுடன் சேர்ந்து முடிவு செய்யலாம்.