ரெண்டு மோட்டாருக்கு ஒரே ஸ்டார்ட்டரா?

பூந்தமல்லிப் பக்கம் மிச்சமிருக்கிற வயல்கள்ல கிணத்துக்கு ஒண்ணு, போருக்கு ஒண்ணுன்னு ஒரே த்ரீ ஃபேஸ் லைன்ல ரெண்டு மோட்டார் ஓடும். செலவு மிச்சம்னு ரெண்டையும் ஒரே ஸ்டார்ட்டர்ல மாட்டுறதை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

5 எச்.பி. மோட்டார் சுமார் 7.5 ஆம்பியர் இழுக்கும். ரெண்டுக்கும் சேர்த்து ரிலேயை 15-ல வச்சுடுவாங்க. கிணறு வத்தி ஒண்ணு வெறுமனே சுத்தும். போர் மோட்டார் மண் அடைச்சு 10 ஆம்பியர் இழுத்தாலும் ரிலே தட்டாது. காயில் கருகிடும். 1990-லிருந்து விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம்தான், காயில் கட்டுறது இலவசமில்லீங்க!

கிளம்பும்போது ஆறு மடங்கு இழுக்குமே, அதனால ரெண்டாவது மோட்டார் அரை நிமிஷம் கழிச்சுக் கிளம்பணும். தனித்தனி ஸ்டார்ட்டர், தனித்தனி ரிலே, ஒரு டைமர் போதும்.

அம்பத்தூர், ஆவடி அபார்ட்மென்ட்காரங்களே, உங்க சம்ப் மோட்டாரும் போர் மோட்டாரும் எப்படி மாட்டியிருக்குன்னு எலக்ட்ரீஷியனைக் கேளுங்க. எர்த் இருக்கான்னும் கேளுங்க.