குப்பையில் போகும் செல்வம்

காய்கறித் தோலும் உதிர்ந்த சருகும் நாள்தோறும் சேராத வீடு இல்லை. தறி ஓடும் வீட்டிற்கும் ஏர் நிற்கும் வீட்டிற்கும் இது பொது. தோலைத் தெருவில் எறிந்து, சருகைக் கொளுத்திவிட்டு, கொல்லையிலுள்ள அவரைக்கும் கத்தரிக்கும் எருவை விலை கொடுத்து வாங்குவோர் நம் அங்கத்தினருள்ளும் பலர். சிக்கனத்தை உயிராகக் கொண்ட கூட்டுறவாளருக்கு இது தகுமா?

கம்போஸ்ட் எரு நம் நாட்டிற்குப் புதிதன்று. 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவார்டு, பயிர்க்கழிவையும் சாணத்தையும் அடுக்கி, நனைத்து, புரட்டி மக்கவைக்கும் முறையை வகுத்தார். இன்றும் உலகெங்கும் அது இந்தூர் முறை என்றே வழங்குகிறது.

‘நாற்றம் எடுக்கும், ஈ மொய்க்கும்’ என்று அஞ்சுவோர் உண்டு. நாற்றம் குப்பையின் குணமன்று; ஈரம் மிகுந்து காற்றுப் புகாமையின் விளைவேயாகும். பசுங்கழிவு 1 கூடைக்குச் சருகு 2 அல்லது 3 கூடை கலந்து, சிறிது சாணக் கரைசல் தெளித்து, மேலே மண் தூவினால் இக்குறை நேராது. பிழிந்த துணியின் ஈரம் போதும். 15 நாட்களுக்கு ஒருமுறை புரட்டிவிட்டால், மூன்று நான்கு மாதங்களில் மண்வாசனை கமழும் கரிய எரு கிடைக்கும். மாமிசமும் எண்ணெய்ப் பண்டமும் சேர்த்தலாகாது. சாயமிடாத பருத்தி நூல் கழிவைத் துண்டாக்கிச் சேர்க்கலாம். சாய நூலும் பாலியஸ்டரும் கூடவே கூடாது.

இவ்வெருவில் தழைச்சத்து ஏறக்குறைய நூற்றுக்கு 1 பங்கே உண்டு. ஆதலின் பரந்த வயலுக்கு இதுவொன்றே போதும் என்று நாம் கூறவில்லை. ஆயினும் மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைக் காக்கும் தன்மை மூட்டை உரத்திற்கு இல்லை. வீட்டுத் தோட்டத்திற்கோ இது பெருந்துணை.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பையை வீட்டிலேயே தனியே பிரிக்க வேண்டுமெனப் பணித்தன. பிரித்ததைத் தெருமுனை வரை சுமந்து சென்று பிறரிடம் ஒப்படைப்பதினும், கொல்லையிலேயே மக்கவைப்பது எளிது. கொல்லையில்லாத நெசவாளர், துளையிட்ட பழைய மண்தொட்டியில் தொடங்கலாம். அதற்கும் இடமில்லாதோர்க்குச் சங்கங்கள் பொது எருக்குழி அமைத்து, கழிவு தருவோர்க்கு எருவிலோ அதன் விலையிலோ பங்களிப்பதே முறை. நெசவாளர் தரும் கழிவு உழவரின் பாத்திக்கு உரமாகுமானால், கூட்டுறவு என்னும் சொல் பெயரளவில் நில்லாது. அடுத்த பொதுக்கூட்டத்திலேயே அங்கத்தினர்கள் இதனை எடுத்துப் பேச வேண்டுகிறோம்.