தானே புயலுக்குப் பிறகு நட்ட முந்திரி

நெய்வேலி நகரியத்தை விட்டு வெளியே வந்து பண்ருட்டிப் பக்கம் திரும்பினால், செம்மண்ணும் முந்திரியும்தான். இந்தத் தோப்புகளில் நிற்கும் மரங்கள் பலவற்றுக்கு வயது குறைவு. காரணம் ஊருக்கே தெரியும். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தது. அப்பா வைத்ததும் தாத்தா வைத்ததுமாக நின்ற முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தை பிறந்தால் பூக்க வேண்டிய மரங்கள் விறகு விலைக்குப் போயின. பெண்ணின் கல்யாணத்துக்கும் பையனின் படிப்புக்கும் அந்தத் தோப்பை நம்பியிருந்த வீடுகள் எத்தனையோ!

மறுபடி நடும்போது என்ன நடுவது? கொட்டை போட்டு முளைத்த மரம் நன்றாகக் காய்க்க ஏழெட்டு வருஷமாகும். ஒட்டுக்கன்று மூன்றாம் வருஷமே காய்ப்புக்கு வந்துவிடும். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் தந்த வி.ஆர்.ஐ.3 ரகம் இங்கே எல்லோருக்கும் பழக்கமானது. எந்த மரமும் புயலில் விழாது என்று யாராலும் சொல்ல முடியாது. விழுந்தால் அந்தக் குடும்பம் எழுந்து நிற்க எத்தனை வருஷம் என்பதுதான் கேள்வி. மூன்றுக்கும் எட்டுக்கும் உள்ள வித்தியாசம் சிறு விவசாயிக்கு ரொம்பப் பெரிது.

அடுத்தது இடைவெளி. 7 மீட்டருக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு 80 மரம் சொச்சம். 5-க்கு 4 மீட்டர் அடர்நடவில் 200. ஆனால் அடர்நடவு சோம்பேறிக்கு ஆகாது. வருஷா வருஷம் அறுவடை முடிந்து ஆடி வாக்கில் கவாத்து செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் கிளைகள் பின்னிக்கொண்டு, வெயில் உள்ளே விழாமல் காய்ப்பு குறையும். கவாத்து செய்த மரம் குட்டையாக நிற்பதால் காற்றுக்கும் அவ்வளவாகப் பிடி கொடுக்காது, கொட்டை பொறுக்கவும் சுலபம்.

கன்று சின்னதாக இருக்கும் வருஷங்களில் நடுவில் மல்லாட்டையோ உளுந்தோ போடலாம் (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்). முந்திரி வருமானம் வருகிற வரை வீட்டுச் செலவுக்கு அதுதான் கை கொடுக்கும். உதிர்ந்த சருகைக் கொளுத்த வேண்டாம், மரத்தடியிலேயே மூடாக்காகப் போடுங்கள். சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இரவு பகலாக இறைக்கும் வட்டாரம் இது. மண்ணில் தங்கும் ஈரத்தை இழக்கக் கூடாது.

இப்போது புயலைவிட அடிக்கடி தொல்லை தருவது, தையிலும் மாசியிலும் பூ விடும் நேரத்து மூட்டமும் காலந்தப்பிய மழையும்தான். பூ கருகும், தேயிலைக் கொசு தளிரையும் பூங்கொத்தையும் உறிஞ்சும். கடைக்காரர் சொல்லும் மருந்தை வாங்கி அடிக்காமல் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தேனீ பூவில் இருக்கும் வேளையில் எந்த மருந்தும் வேண்டாம்.

இந்த வருஷம் ஒட்டுக்கன்று வைத்தவர்கள் ஐப்பசி மழைக்கு முன்பே பக்கத்தில் கழி நட்டுக் கட்டிவிடுங்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளி எறியுங்கள். அதை விட்டால் மேலே ஒட்டிய ரகம் நலிந்து, கீழிருந்து கிளம்பும் நாட்டுக் கன்றுதான் மரமாகும்.