கட்டுமரம்: சொல் நமது, கலம் எவருடையது?

தமிழ்ச் சொல்லொன்று கடல் கடந்து பிறமொழி அகராதியில் ஏறிவிட்டால், அது குறிக்கும் பொருளையும் நமதென்று கொண்டாடுவது நம் மேடைகளின் வழக்கம். 'கட்டுமரம்' அவ்வாறு பேசப்படும் சொல். இரட்டை உடற்பகுதி கொண்ட இக்காலப் படகைத் தமிழனே கண்டான் என்று முழங்குவோர் உளர். அது சரியன்று.

மாமல்லபுரத்தையடுத்த தேவனேரி, கொக்கிலமேடு முதலிய குப்பங்களில் வழங்கிய கட்டுமரம், எடை குறைந்த மரத்தடிகள் சிலவற்றைச் செதுக்கி ஆணியின்றிக் கயிற்றால் பிணைத்தது. துறைமுகமற்ற, அலை ஓயாத கரைக்கு ஏற்ற கலம். மேலேறிய நீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். கரை சேர்ந்தபின் கட்டவிழ்த்து உலர்த்தி, மீண்டும் கட்டுவர். மாணவர்கள் இங்கே இலக்கணத்தை நினைவுகூரலாம். கட்டுமரம் வினைத்தொகை: கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம். முக்காலமும் தொக்கு நிற்கும் அச்சொல்லுக்குக் கட்டியும் அவிழ்த்தும் நடந்த இத்தொழிலைவிடப் பொருத்தமான உரை யாது?

1697இல் அச்சேறிய தம் பயணநூலில் வில்லியம் டேம்பியர் சோழமண்டலக் கரையின் இம்மரங்களைக் குறித்தார். பின்னர் அச்சொல் பொருள் மாறியது. இரட்டைக் கலங்கள் பசிபிக் தீவினர் தொன்றுதொட்டுச் செலுத்தியவை. 1876இல் அமெரிக்கரான நத்தானியேல் ஹெரஷாஃப் அத்தகைய பாய்க்கலம் ஒன்றை அமைத்துப் போட்டியில் விட்டார். நாளடைவில் நம் பெயர் அவ்வகைக் கலத்தின்மேல் ஒட்டிக்கொண்டது.

அப்பொருளே இன்று வட ஐரோப்பாவிலும் வழங்குகிறது. ஸ்வீடிஷ், நார்வீஜியம், டேனிஷ் மூன்றிலும் 'கட்டமரான்'; ஃபின்னிஷில் 'கட்டமரானி'. இவர்களுள் டேனிஷ்காரர் 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியிலிருந்து அசல் கட்டுமரத்தைக் கண்ணாரக் கண்டவர்கள் என்பது வேடிக்கை. ஐஸ்லாந்தியரோ, 'இரண்டு' என்பதை முன்வைத்துத் தம் மொழியிலேயே 'ட்வீபிட்னா' என்று பெயரிட்டுக்கொண்டனர். மூன்று உடற்பகுதி கொண்ட கலம் வந்தபோது சொல்லே வெட்டப்பட்டு 'ட்ரைமரான்' ஆயிற்று. மரம் என்னும் பொருள் போய், 'மரான்' கலத்தின் உடலாயிற்று! (மரம் 'மரன்' என வருவது நம் கடைப்போலி, இஃது அதுவன்று, வெறும் ஒலியொற்றுமையே.)

பிறர் கலத்துக்கு உரிமை கோருவதினும் அவசரமான பணி, செங்கற்பட்டிலிருந்து ஒருமணிப் பேருந்துப் பயணத் தொலைவில் காத்திருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரையில் ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. மரத்துக்கும் முடிச்சுக்கும் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மீனவப் பெரியவர்கள் வழங்கும் சொற்களுள் எத்தனை நம் அகராதிகளில் ஏறியுள்ளன? ஆய்வுத் தலைப்புத் தேடி நூலக அலமாரியையே சுற்றிவரும் முதுகலை மாணவர் நால்வர், ஒரு கோடை விடுமுறையில் சதுரங்கப்பட்டினம் முதல் கோவளம் வரை குறிப்பேட்டோடு செல்லலாம். சமுதாயப் பெரியவர்கள் பயணச் செலவை ஏற்க முன்வருவார்களாயின், தமிழ்த்துறை இதனை வரும் ஆண்டிலேயே தொடங்க இயலும்.