தேனிலவுக்குத் தூர தேசம் எதற்கு?

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களில் இப்போதெல்லாம் நிச்சயதார்த்தத் தட்டு மாற்றிக்கொண்ட கையோடு, மண்டபம் கிடைத்ததா, சமையலுக்கு யார் என்று விசாரிப்பதற்கு முன்பே, "தேனிலவுக்கு எங்கே?" என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. அதற்கு விடையாகக் காஷ்மீரம், சிம்லா, மாலத்தீவு, பாலித் தீவு என்று ஏதேனும் ஒரு தொலைதூரத்துப் பெயர் வராவிட்டால், மாப்பிள்ளை வீட்டார் கையிறுக்கமானவர்கள் என்றோ, மாப்பிள்ளைக்குப் பெண்ணின் மேல் அவ்வளவாகப் பிரியமில்லை என்றோ கேட்டவர்கள் தீர்மானித்துக்கொள்கிறார்கள். ஊட்டிக்கோ கோடைக்கானலுக்கோ கூடப் போகாத தம்பதிகளைக் கண்டு அனுதாபப்படுவது ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. "இந்த வெயில் ஊரில், இந்தக் கந்தக பூமியில் புதுசாகக் கல்யாணமானவர்களுக்குப் பார்க்க என்னதான் இருக்கிறது?" என்று இவ்வூர்க்காரர்களே சொல்வதைக் கேட்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. கணவன் மனைவியின் அன்பைப் பிரயாண தூரத்தால் அளக்கும் இந்த நம்பிக்கை பொய்யானது. அதோடு, புதிதாக நம் ஊருக்கு வந்த பெண்ணுக்குத் தீங்கும் செய்வது.

மலைவாசஸ்தலங்கள் எப்படி உண்டாயின என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்கு ஏறிப் போனதும், மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் 1845-ல் கோடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டதும், சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாததனால்தான். தங்கள் உடம்புக்கு ஏற்ற சீதோஷ்ணத்தை அவர்கள் தேடிக்கொண்டதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் இந்த வெயிலிலேயே பிறந்து, இந்த வெயிலிலேயே பிழைக்கப் போகிற நாம், அவர்கள் தப்பிப்போன வழியையே சந்தோஷத்துக்குரிய ஒரே வழியாகக் கொண்டு, நம் மண்ணை நாமே இழிவாகப் பேசுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது? இங்கிலாந்திலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வசதியுள்ள குடும்பத்துத் தம்பதிகள் மேற்கொண்ட மணப் பிரயாணம், விவாகத்துக்கு வர இயலாத உறவினர்களை அவரவர் வீட்டில் போய்க் கண்டு வருவதாகவே பெரும்பாலும் இருந்தது. மறுவீடு முடிந்ததும் பெரியப்பா வீட்டு விருந்து, தாய்மாமன் வீட்டு விருந்து என்று ஊர் ஊராக நம்மவர்கள் இலை போட்ட வழக்கம் இதற்கு வெகு சமீபமானது. தூர தேசத்து ஹோட்டல் அறை பிற்காலத்து விளம்பரங்களின் சிருஷ்டியே அன்றி, விவாகத்தின் லட்சணம் அன்று.

அப்படிப் போகிறவர்கள் அங்கே காண்பதுதான் என்ன? ஊட்டியிலும் கோடைக்கானலிலும் வாகனங்கள் அளவுகடந்து ஏறியதனால், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் மலையேற முடியாது என்ற நிலை வந்தது. மதுரைக் கடைவீதியின் நெரிசலைக் குளிரில் வைத்துப் பார்ப்பதற்காக, கையிலிருந்த மொய்ப் பணம் முழுவதும் கரைகிறது.

மொய்ப் பணத்தோடு நின்றாலும் பரவாயில்லை. நகை இத்தனை பவுன், கட்டில், பீரோ, வண்டி என்று நீண்டுகொண்டிருந்த சீர் வரிசையில் இப்போது தேனிலவுப் பிரயாணமும் சேர்ந்து, அதுவும் பெண்ணைப் பெற்றவர் தலையில் விழுகிறது. 1961-ல் வந்த வரதட்சணைத் தடைச் சட்டத்தை மதித்து ரொக்கம் கேட்கவில்லை என்று பெருமை பேசும் சம்பந்தி, விமான டிக்கெட்டை மட்டும் கூசாமல் ஏற்றுக்கொள்கிறார். இது வரதட்சணைதான், வேறு பெயர் சொல்லிச் சமாதானம் செய்துகொள்வது அதர்மம். தீப்பெட்டி ஆபீஸிலும் வெடி ஆபீஸிலும் வாரச் சம்பளத்துக்கு வேலை செய்யும் குடும்பங்களோ, மழை பெய்து மருந்து காயாவிட்டால் வேலையில்லை, வேலையில்லாவிட்டால் கூலியில்லை என்ற நிலையில் உள்ளவை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் சேர்ந்த வெடிகளையும் சரவெடியையும் தடுத்த பிறகு மாதக்கணக்கில் ஆலைகள் மூடிக் கிடந்ததை அவர்கள் மறக்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளையும், "ஊர் என்ன சொல்லும்?" என்ற பயத்தால் வட்டிக்கு வாங்கிக்கொண்டு மலையேறுகிறான், அந்தக் கடனை அடைக்க அவன் மனைவி எத்தனை குரோஸ் தீப்பெட்டி ஒட்ட வேண்டியிருக்கிறது என்பதை ஊர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

ஆனாலும் இளைஞர்களை மட்டும் குறை சொல்வது தர்மமாகாது. அவர்கள் தூரம் போகத் துடிப்பதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. அந்தக் காரணம் நாம்தான். ஓர் அறையும் ஒரு முற்றமுமான வீட்டில், மாமனாரின் இருமலுக்கும் நாத்தனாரின் கட்டிலுக்கும் நடுவே ஒரு சேலையைத் திரையாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, கல்யாணமான மறுமாதமே, "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று விசாரிக்கிறோம். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையில் சேர்ந்தாற்போல விருதுநகர்த் தெப்பக்குளம் வரைக்கும் நடந்து போனால், கடைத் திண்ணை அத்தனையும் அவர்களைப் பார்க்கிறது. வீடு திரும்புவதற்குள் செய்தி மாமியார் காதுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. இந்தக் கண்களிலிருந்து தப்புவதற்காகவே அவர்கள் ஓடுகிறார்களே தவிர, பனிக்கட்டியின் மேல் கொண்ட ஆசையினால் அன்று. ஏகாந்தத்தை வீட்டருகில் கொடுக்க மறுத்தவர்கள் நாம். அதை அவர்கள் ஆயிரம் மைலுக்கு அப்பால் போய் விலைக்கு வாங்கும்படி செய்தவர்களும் நாம்.

விவாகத்தினால் ஊரை விட்டு ஊர் வருகிறவள் பெண். கணவனுக்கு ஒன்றும் மாறவில்லை. அவன் தெரு, அவன் கடை, அவன் சிநேகிதர்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவளுக்கோ பஸ் எங்கே நிற்கும், தண்ணீர் எந்நேரம் வரும், எந்தச் சந்து எங்கே போய் முடியும் என்பதுகூடப் புதிது. பாலித் தீவுக் கடற்கரையில் இருவரும் அந்நியர்கள். ஐந்து நாள் சந்தோஷமாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தால், அவன் தன் ஊருக்கு வருகிறான், அவள் மீண்டும் ஒரு வேற்றூருக்கு வருகிறாள். அந்த ஐந்து நாளையும், அவள் இனி வாழப்போகும் பூமியை, மாமியாரின் விளக்கமோ நாத்தனாரின் துணையோ இல்லாமல், கணவனோடு தனியாகச் சுற்றிப் பார்த்து, இது என் ஊர் என்று அவள் சொந்தமாக்கிக்கொள்வதற்குச் செலவிட்டால், அதைவிடப் பெரிய உபகாரத்தை ஒரு கணவன் தன் மனைவிக்குச் செய்துவிட முடியுமா?

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள், விருதுநகரில் செங்கோட்டை மார்க்கத்து ரயிலில் ஏறி, மேற்கு ஜன்னலோரமாக அவளை உட்கார வைக்கட்டும். 1927-ல் தென்காசி வரைக்கும் போட்ட இந்தப் பாதையில், திருத்தங்கலையும் சிவகாசியையும் சுற்றிக் கரிசல் காட்டின் நடுவே, ஒன்றையொன்று தொடாமல் எட்ட எட்ட நிற்கும் சின்னஞ்சிறு அறைகள் தெரியும். வெடி ஆபீஸில் வேலை பார்க்கும் கணவனானால், அவற்றைக் காட்டி அவளிடம் சொல்வதற்கு அவனுக்கு எவ்வளவோ இருக்கிறது. ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறையைத் தொடக்கூடாது என்பதற்காகவே அவை அப்படி விலகி நிற்கின்றன என்பதையும், மருந்து கலக்கும் அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு என்பதையும், அந்தக் கணக்கை மீறினால் என்ன நேரும் என்பதையும், 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நாற்பதுக்கு நெருங்கிய உயிர்கள் போனதையும் அவன் சொல்லட்டும். இதுவா தேனிலவுப் பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கலாம். தன் புருஷன் தினமும் காலையில் எந்த அறைக்குள் நுழைகிறான், எதற்கு அஞ்சுகிறான் என்பதை அறிந்த பெண், அவனோடு பனியில் நின்று படம் எடுத்துக்கொண்ட பெண்ணைவிட அவனுக்கு ஆயிரம் மடங்கு நெருங்கியவள் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

சிவகாசியைத் தாண்டியதும் மேற்கே மலை எழும்பிக்கொண்டே வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினால், நம் அரசாங்க முத்திரையில் பார்த்துப் பழகிய பதினொரு நிலைக் கோபுரம் நேரில் நிற்கிறது. தன் விவாகத்தைக் கனவாகக் கண்டு பாடிய ஒரு பெண்ணின் ஊர் இது. ஆண்டாளின் அந்தப் பாசுரங்களை இன்றும் கல்யாண வீடுகளில் ஓதிக்கொண்டே, கல்யாணமானவர்களை அந்த ஊருக்கு அனுப்பக் கூச்சப்படுகிறோம்! பெருமாளுக்குரிய மாலையைத் தான் சூடி அழகு பார்த்துக்கொண்டாள் என்று சொல்லப்படும் கண்ணாடிக் கிணறு கோயிலுக்குள் இருக்கிறது; புது மனைவி அதன் விளிம்பில் நின்று குனிந்து பார்க்கட்டும். ஆண்டாளின் கையில் இருக்கும் கிளியை அவள் கூர்ந்து கவனிக்கட்டும்: அலகு மாதுளம்பூ, உடம்பு மரவள்ளி இலை, ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்டுகிறார்கள், நேற்றுக் கட்டியது இன்று இல்லை. வெளியே வந்தால், பாலும் சீனியும் மட்டுமே சேர்ந்து கிண்டிய பால்கோவாவை, சூடு ஆறுவதற்குள் இலையில் வைத்துத் தருகிறார்கள். சற்று மேற்கே செண்பகத்தோப்பில் மாந்தோப்புகள் முடிந்து காடு ஆரம்பமாகிறது. மரத்துக்கு மரம் தாவும் சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் சரணாலயமான அந்த மலை, 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆயிற்று. இவ்வளவையும் அருகில் வைத்துக்கொண்டு ஒன்றுமில்லாத பூமி என்று நாம் சொல்கிறோம்.

இதே ரயில் ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்குப் போகிறது. அங்கிருந்து குற்றாலம் கூப்பிடு தூரம். மலையிலேயே மனம் உள்ளவர்கள் குற்றாலத்தோடு திருப்தியடையலாம். ஆனால் நான் அதைக் காட்டிலும் கழுகுமலையையே சிபாரிசு செய்வேன். பாண்டியர் காலத்தில் மலையை மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டே வந்து, அடிப்பாகம் முடிவதற்குள் கைவிட்டுப் போன வெட்டுவான் கோயிலில், உமையும் சிவனும் அருகருகே அமர்ந்து ஏதோ பேசிக்கொண்டிருக்கும் சிற்பம் ஒன்று உண்டு. தேவர்களைக் கைகூப்பி வணங்குவதற்கு மட்டுமின்றி, புருஷனும் பெண்டாட்டியும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று பார்த்துக்கொள்வதற்கும் நம் சிற்பிகள் வடித்து வைத்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கூட்டமில்லாத காலை வேளையில் அந்தப் பாறையின் மேல் இரண்டு பேர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம்.

வெயில் கடுமையானது என்பதை நான் மறுக்கவில்லை. சித்திரையில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் விடியற்காலையையும் அந்தி வேளையையும் மட்டுமே நம்ப முடியும். ஆனால் நம் முகூர்த்தங்கள் எல்லாம் சித்திரையிலா வருகின்றன? ஆனியில் மணமானவர்களுக்குக் குற்றாலத்தில் சாரல் விழுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மணமானவர்களுக்கு ராஜபாளையத்து அய்யனார் கோவில் அருவியில் தண்ணீர் உண்டு. வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல் அணையை ஒட்டி, இது விருதுநகர் ஜில்லாதானா என்று சந்தேகம் கொள்ளும்படி நெல்வயலும் தென்னந்தோப்புமாகப் பூமி பச்சைப்பசேல் என்று கிடக்கும். தையில் மணமானவர்கள் குல்லூர்சந்தை அணைக்கரையில் பறவைகளைப் பார்க்கலாம். இரவு விருதுநகருக்குத் திரும்பி எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வீடு சேரலாம்.

தேனிலவே வேண்டாம், விருந்துக்குப் போய் வந்தால் போதும் என்று வாதிக்கும் பெரியவர்களுக்கு இக்கட்டுரை துணை நிற்பதாக யாரும் எண்ண வேண்டாம். அருகில் போகட்டும் என்று நான் சொல்வது, நாமும் கூடவே போகலாம் என்பதற்காக அன்று. உறவினர் யாருடைய வீடாவது ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ சும்மா கிடந்தால், பெருக்கித் துடைத்துச் சாவியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சாப்பிட்டாயா, எங்கே இருக்கிறாய், எப்போது வருகிறாய் என்று மணிக்கொரு தரம் போன் செய்யக்கூடாது. குலதெய்வம் கோயிலுக்கு வேன் பிடித்து நாமும் வருகிறோம் என்று கிளம்பக்கூடாது. விடுதி நடத்துகிறவர்கள், உள்ளூர்த் தம்பதிகள் அறை கேட்டு வந்தால் சந்தேகக் கண்ணோடு விசாரணை செய்வதை நிறுத்த வேண்டும். ஆலை முதலாளிகளிடமும் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. தொழிலாளியின் கல்யாணத்துக்கு நேரில் வந்து மொய் எழுதி, படம் எடுத்துக்கொண்டு போகும் நல்ல வழக்கம் உங்களில் பலரிடம் இருக்கிறது. அந்தக் கவரோடு ஒரு வாரச் சம்பளத்தையும், ஒரு வார லீவையும் சேர்த்து எழுதுங்கள். ஆணுக்கு மட்டுமல்ல, உங்கள் ஆபீஸில் பெட்டி ஒட்டும் பெண்ணுக்குக் கல்யாணமானாலும் அப்படியே எழுதுங்கள்.