தோல் பறையா, ஃபைபர் பறையா? ஆம்பூர் லெதர் ஏன் பறைக்கு உதவாது?

கல்யாண மண்டபமோ, காலேஜ் கல்ச்சுரல்ஸோ, கட்சி ஊர்வலமோ... இன்றைக்குப் பறை இல்லாத மேடை குறைவு. 2025-ல் மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ கிடைத்த பிறகு, 'நம்ம பிள்ளையையும் பறை கிளாஸ்ல சேர்த்துவிடலாமா?' என்று கேட்கிற வீடுகளும் கூடியிருக்கின்றன. சரி, சேர்த்தாச்சு. ஒரு பறை வாங்கணும். கடைக்குப் போனால் முதல் கேள்வியே, "தோலா வேணும், ஃபைபரா வேணும்?"

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கும். உலகத்துக்கே ஷூவுக்குத் தோல் அனுப்புகிற ஊர். இங்கே பறைக்கு ஒரு தோல் கிடைக்காதா என்ன?

கிடைக்காது என்பதுதான் விஷயம். ஆம்பூர் டேனரியிலிருந்து வெளியே வரும் லெதரை எடுத்துப் பறையில் கட்டினால், தலையணையில் அடித்த மாதிரி 'தொப்'பென்று கேட்கும். அந்த லெதர் மட்டமானது என்று அர்த்தமில்லை. ரொம்ப நன்றாகப் பதப்படுத்தப்பட்டது என்பதால்தான் இந்த நிலைமை. டேனரியில் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பு போட்டு முடி நீக்கி, சதை சுரண்டி, பிறகு குரோமியம் உப்பில் உருட்டுகிறார்கள். நீல நிறத்தில் வெளியே வருகிறதே, 'வெட் ப்ளூ', அது இந்தக் கட்டம். குரோம் சரியாக ஏறியதா என்று பார்க்க ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். சுருங்கவில்லை என்றால் பாஸ். அதன் பிறகு எண்ணெய்ச் சத்து ஏற்றுவார்கள். இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, தோல் மெத்தென்று வளையும். செருப்புக்கும் ஜாக்கெட்டுக்கும் அதுதான் வேண்டும்.

பறைக்கு வேண்டியது நேர் எதிர். முடி நீக்கி, சுரண்டி, அதோடு நிறுத்திவிட வேண்டும். பதனிடவே கூடாது. வேப்ப மரச் சட்டத்தில் ஈரமாக இழுத்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிக் காயவைத்தால், தோல் சுருங்கி விறைத்து நிற்கும். அந்த விறைப்புதான் ஒலி. ஆட்டத்துக்கு முன்னால் நெருப்பு மூட்டிப் பறையைக் காய்ச்சுவதும் இதற்காகத்தான். தோலில் இருக்கும் ஈரப்பதம் போனால் இழுவிசை கூடும், சத்தம் கணீரென்று ஏறும். கொஞ்சம் அதிகமாகக் காட்டினால் தோல் கிழிந்துவிடும். எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, எப்போது எடுப்பது என்பது கைப்பழக்கம்.

(இன்னொன்றையும் சொல்லிவிடலாம். பாலாற்றைக் கெடுத்து, 1996-லும் மறுபடி 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை இழுத்துவந்தது டேனரிகளின் கழிவு. பறைத் தோலுக்குச் சொட்டுக் குரோமியம்கூடத் தேவையில்லை.)

இப்போது ஃபைபருக்கு வருவோம். கடைக்காரர் ஃபைபர் என்று சொன்னாலும், பறையின் முகத்தில் இருப்பது பொதுவாக ஒரு பிளாஸ்டிக் ஷீட்தான். இரும்பு வளையம், சுற்றிலும் போல்ட், ஒரு ஸ்பேனர். அமெரிக்காவில் 1950-களின் நடுவில் டிரம்ஸுக்கு 'மைலார்' என்ற பாலியெஸ்டர் ஷீட்டைப் போட ஆரம்பித்தார்கள். அதுவரை அங்கேயும் கன்றுக்குட்டித் தோல்தான். மழை வந்தால் அங்கேயும் டிரம் தொங்கிப்போகும். 1957-ல் ரெமோ பெல்லி தொடங்கிய கம்பெனி தன் டிரம் முகத்துக்கு வைத்த பெயரே 'வெதர் கிங்'. நம் ஊர்ப் பறைக்கு வந்ததும் அந்த வழியில் வந்த சரக்குதான்.

அதன் சௌகரியத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஐப்பசி மழையில் ஊர்வலம் போகிறது என்றால், தோல் பறை அரை மணி நேரத்தில் தளர்ந்துவிடும். ஃபைபருக்குக் கவலையே இல்லை. ஏ.சி மண்டபத்துக்குள் நெருப்பு மூட்ட விடமாட்டார்கள். வீட்டில் பழகும் பிள்ளைக்கு தினமும் வைக்கோல் கொளுத்திக் காய்ச்சித் தரவும் முடியாது. பூச்சி அரிக்காது, எலி கடிக்காது.

ஆனால் காது ஒன்று இருக்கிறதே! ஃபைபரில் சிண்டுக்குச்சியின் 'சட சட' பளிச்சென்று கேட்கும். அடிக்குச்சி இறங்கும்போது தோல் பறை நெஞ்சுக்குள் போடுகிற அந்தக் கனம் மட்டும் வராது. தோல் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் இல்லை. உள்ளேயே கொஞ்சம் அதிர்வை விழுங்கும். அதனால் ஒலி உருண்டு, சீக்கிரம் அடங்கும். பிளாஸ்டிக் ஒரே சீராக இருப்பதால் கீச்சென்று நீண்டு ஒலிக்கும். பத்துப் பேர் சேர்ந்து அடிக்கும்போது, ஒவ்வோர் அடியின் வாலும் அடுத்த அடிமேல் ஏறிக் கலங்கிவிடுகிறது. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா மாதிரி ஒரு கூட்டத்தில், வெயிலில் காய்ந்து இறுகிய தோல் மேளத்தைக் கேட்டவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

யாருக்குத் 'தோல்' பிடிக்கவில்லை?

இதுவரை சொன்னது ஒலிக்கணக்கு. ஆனால் தோலை ஒதுக்குவதற்கு மழை மட்டுமா காரணம்? 'ஃபைபர்னா நீட்டா இருக்கும், ஸ்மெல் வராது' என்று நிகழ்ச்சி நடத்துபவர்கள் சொல்லும்போது அதில் வேறொன்றும் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. பறை அடித்தவரை ஊருக்கு வெளியே வைத்ததற்குச் சொன்ன சாக்கே அந்த மாட்டுத்தோல்தான். இப்போது பறை உள்ளே வரலாம், தோல் வேண்டாம் என்கிறோம்.

மிருதங்கத்தில் இதே கதை வேறு மாதிரி. அதற்குப் பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் வேண்டும். அதைச் செய்பவர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020-ல் வந்தபோது, வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த இடத்தை கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆம்பூர்க்காரர்களுக்கு இது பழக்கமான கதைதான். 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணி திருவிழாவில் மாட்டு பிரியாணிக்கு இடமில்லை என்று சர்ச்சை கிளம்ப, மழையைக் காரணம் சொல்லி விழாவே தள்ளிவைக்கப்பட்டது. மாட்டுத்தோல் ஷூவாகிக் கப்பல் ஏறும்போது அந்நியச் செலாவணி; தட்டிலோ மேளத்திலோ வந்தால் மட்டும் பிரச்னை!

ஃபைபர் வாங்குகிற எல்லோரும் சாதி பார்த்து வாங்குகிறார்கள் என்று சொல்லவில்லை. பறை அடிக்கும் கலைஞர்களே மழைக்கு என்று ஒரு ஃபைபர் செட் வைத்திருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பு அது. கவலை வேறு இடத்தில். பறை கேட்கும் மேடைகள் பெருகப் பெருக, தோல் சுரண்டி, இழுத்துக் கட்டத் தெரிந்தவருக்கும் வேலை பெருகியிருக்க வேண்டும். ஆனால் போல்ட் முடுக்க ஸ்பேனர் போதும், அவர் வேண்டாம். அவர் பிள்ளைக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் மாதச் சம்பளம் கிடைக்கிறது. பிறகு வருஷத்துக்கு நாலு பறை கட்ட எதற்காக அந்த வேலையைப் பழக வேண்டும்?

அதனால் வாங்குபவர்களுக்கு: பழகுகிற பிள்ளைக்கு ஃபைபரே வாங்குங்கள், தப்பில்லை. ஒரு வருஷம் அடித்துக் கை படிந்த பிறகு தோல் பறைக்கு மாற்றுங்கள். அதைக் கடையில் ரெடிமேடாக எடுக்காமல், கட்டுபவரிடமே சொல்லிச் செய்யுங்கள். அடுத்து தோல் போனாலும் அவரிடமே போகலாம். மழைக்காலத்தில் துணியில் சுற்றி, சுவரில் படாமல் மாட்டிவைக்க வேண்டும்.

நிகழ்ச்சிக்குக் குழுவை அழைப்பவர்களுக்கும் ஒரு விஷயம். மண்டபத்துக்கு வெளியே நெருப்பு மூட்ட ஓர் இடமும், காய்ச்ச அரை மணி நேரமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். புதுத் தோல் போடும் செலவையும் சேர்த்துத் தொகை கேட்டால், சவுண்ட் சிஸ்டம்காரரிடம் பேரம் பேசாத மாதிரியே இவரிடமும் பேசாமல் கொடுங்கள்.